கியர்பாக்ஸ் ஆயில் பேன் மரை: பெரிய போல்ட்டா, ஹெலிகாயிலா?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான ஆயில் பேனைத் தாங்கும் போல்ட்டுகள் பல கார்களில் 6 மி.மீ. அளவுடையவை. இரும்பு போல்ட் அலுமினிய உறைக்குள் இறங்குவதால், கசிவைக் கண்டு இன்னும் ஒரு சுற்று என்று இறுக்கும்போது உறையின் மரைதான் (போல்ட் பற்றும் திருகு வரிகள்) முதலில் உரிகிறது.

வேலூர், காட்பாடிப் பக்கத்துப் பட்டறைகளில் இதற்குச் சட்டென்று கிடைக்கக்கூடிய பதில், 6.8 மி.மீ. துளையிட்டு, 8 மி.மீ. டேப்பால் (மரை வெட்டும் கருவி) புது மரை வெட்டி, பெரிய போல்ட் போடுவது. செலவு குறைவுதான். ஆனால் துளையைச் சுற்றிப் போதிய உலோகம் இருக்க வேண்டும். பேனிலும், கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கேஸ்கெட்டிலும் அந்த ஒரு துளையை அகலப்படுத்தவும் வேண்டும்.

ஹெலிகாயில் என்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருள். ஏறத்தாழ 6.3 மி.மீ. துளையிட்டு, அதற்கே உரிய டேப்பால் மரை வெட்டி, சுருளின் மேல்முனை விளிம்புக்குச் சற்றுக் கீழே அமரும்வரை திருகி இறக்கினால், பழைய போல்ட்டே மீண்டும் பொருந்தும். சுருளின் அடியிலுள்ள சிறு வால்பகுதியை உடைத்து, தவறாமல் வெளியே எடுத்துவிட வேண்டும். கிட்டின் விலை சற்றுக் கூடுதல். எனினும் பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓடும் வண்டிக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

எந்த வழியானாலும், டிரில்லிலும் டேப்பிலும் கிரீஸ் தடவினால் அலுமினியத் துருவல் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துருவல், எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடிக்குள் விழுந்தால், அந்தச் செலவுக்கு முன் மரைச் செலவு அற்பமாகிவிடும். உறையிலேயே விரிசல் இருந்தால் இரண்டும் பயன்படாது.