கொழுஞ்சி விதை: திருப்பாதிரிப்புலியூரில் வாங்கி விதைத்த ஓராண்டு அனுபவம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள ஒரு நாட்டு விதைக்கடையில் சென்ற ஆண்டு ஆவணியில் அரைக் கிலோ கொழுஞ்சி விதை வாங்கினேன். பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பின் செம்மண்ணில் மரங்களுக்கு இடையே தழை உரத்திற்காகவும், வேலியோரத்தில் பூவுக்காகவும் விதைப்பதே என் எண்ணம்.

கல்லும் தூசும் இல்லாத, பூச்சி அரிக்காத நல்ல விதை. ஆனால் பொட்டலத்தின் மீது பெயரும் எடையும் தவிர வேறொன்றும் இல்லை. கொழுஞ்சி விதையின் தோல் மிகக் கடினமானது. நீர் எளிதில் உள்ளே புகாததால், அப்படியே தூவிய விதையில் பெரும்பகுதி நல்ல மழை பெய்தாலும் மண்ணில் உறங்கியே கிடக்கும். இது தெரியாமல் நான் தூவிய முதல் கால் கிலோவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. கடைக்காரரிடம் சொன்னபோது, "வெந்நீரில் போட்டு எடுக்கலையா, ஐயா?" என்று கேட்டார். விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. மீதியை 55 டிகிரி சூடுள்ள நீரில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுத்து விதைத்தேன், நன்றாக முளைத்தது.

அதன்பின் செடியைப் பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் சித்திரை வெயிலையும் தாங்கி நின்றது. ஆடு மாடுகள் விரும்பி மேயாததால் காவலும் தேவைப்படவில்லை. சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் நரம்புகளின் போக்கில் அம்புமுனை போலப் பிரிந்து வருவதைக் கொண்டு, இது கொழுஞ்சிதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். கத்தரிப்பூ நிறமும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்கள், அவரைப் பூவைப் போன்ற அமைப்பில், நீண்ட காம்பில் கீழிருந்து மேலாக மலர்கின்றன.

கடையில் இதை எருச்செடி என்று மட்டுமே சொல்லி விற்கிறார்கள். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிடுவதே வழக்கம் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள் போலும். உண்மையில் இது பல்லாண்டு வாழும் காட்டுச்செடி. 1753-இல் சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் பெயரிட்ட இந்த இனம் கிழக்கு ஆப்பிரிக்காவிலும், இந்தியா, இலங்கை தொடங்கி ஆஸ்திரேலியா வரையிலும் இயல்பாகவே வளர்கிறது. நம் மணற்பாங்கான மண்ணுக்கு இது அயலானதன்று. வேலியோரத்தில் உழாமல் விட்ட செடிகள் இரண்டாம் முறையும் பூத்துவிட்டன. அவற்றின் தட்டையான, சற்றே வளைந்த நெற்றுகளை இப்போது பறித்து வருகிறேன்.

வெந்நீர்ப் பக்குவத்தைச் சீட்டில் எழுதிப் பொட்டலத்தில் ஒட்டுமாறு கடைக்காரரிடம் கேட்டிருந்தேன். சென்ற வாரம் போனபோதும் அது ஒட்டப்படவில்லை. வாங்குபவர்கள் அதைத் தாங்களே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.