மெயின் லைனில் ஓடும் ‘பிக் பாய்’ 4014: எங்கே நின்று பார்ப்பது?

அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் தனது 4014 எண் கொண்ட ‘பிக் பாய்’ நீராவி எஞ்சினைச் சுற்றுப்பயணமாக ஓட்டும்போது, வழியிலுள்ள சில ஊர்களில் நிறுத்திக் கட்டணமின்றிக் காட்டுகிறது. எரிபொருளையும் தண்ணீரையும் சுமந்து பின்னால் வரும் ‘டெண்டர்’ வண்டியையும் சேர்த்து 40 மீட்டர் நீளம், ஏறத்தாழ 550 டன் எடை என்பதெல்லாம் பக்கத்தில் நின்றால்தான் உறைக்கும். ஆயினும் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், அங்கே கூடும் கூட்டத்தை விட்டுவிட்டு, வயோமிங் மாநிலத்தின் ஷையான் நகருக்கு மேற்கே ஷெர்மன் மேடு ஏறும் பாதையோரத்தையே பரிந்துரைப்பேன்.

எஞ்சின் வேலை செய்வது ஏற்றத்தில்தான் காதுக்குத் தெரிகிறது. ஒரே கொதிகலனுக்குக் கீழே முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரத் தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிலிண்டர்கள், எட்டு இயக்குச் சக்கரங்கள். இவ்விரண்டும் தனித்தனியே சுழல்வதால் புகைபோக்கியிலிருந்து எழும் வெடிப்பொலி சிறிது நேரம் ஒன்றாகக் கேட்கும். பிறகு மெல்ல விலகி, காலப்பிரமாணம் பிசகிய இரண்டு தவில்களைப் போல இரட்டித்து ஒலித்து, மறுபடியும் சேர்ந்துகொள்ளும். வளைவில் முன்தொகுதி தண்டவாளத்தோடு திரும்பிவிட, கொதிகலனின் மூக்கு பாதைக்கு வெளியே துருத்திக்கொண்டு வருவதையும் காணலாம்.

1941இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில் கட்டப்பட்டு, 1961இல் ஓய்வு பெற்று, கலிபோர்னியாவின் பொமோனாவில் காட்சிப்பொருளாக அரை நூற்றாண்டு நின்ற எஞ்சின் இது. 2013இல் நிறுவனம் திரும்பப் பெற்றுப் பழுதுபார்த்து, 2019 மே மாதம் மீண்டும் ஓடவிட்டது. மொத்தம் கட்டப்பட்ட 25 பிக் பாய்களில் எஞ்சியவை எட்டு. ஓடுவது இது ஒன்றே.

நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிவதும், பின்னால் ஒரு டீசல் எஞ்சின் தொடர்வதும் ரசிகர்களின் வழக்கமான மனத்தாங்கல். எனக்கு அதில் வருத்தமில்லை. இறக்கத்தில் பிரேக் கட்டைகள் தேயாமல் வேகத்தைப் பிடித்துவைக்க டீசல் உதவுகிறது. நிலையங்களில் தண்ணீர்க் குழாய்கள் மறைந்துவிட்டதால் கூடுதல் தண்ணீர் டெண்டர்களும் வேண்டியிருக்கின்றன. சரக்கு ரயில்கள் நெருக்கமாக ஓடும் பாதையில் இடம்பிடிக்க இவை தேவையே. 2023இல் நெப்ராஸ்காவின் பிளேர் அருகே நின்றுபோன சரக்கு ரயில் ஒன்றைப் பின்னாலிருந்து தள்ளி நகர்த்தியதும் இந்த எஞ்சின்தான். வெறும் அலங்கார ஊர்வலம் என்பவர்களுக்கு அது போதும்.

உண்மையான குறை சாலையில்தான். ரயிலைத் துரத்தும் கார்களால் லெவல் கிராசிங்குகள் அடைத்துக்கொள்கின்றன. நேரமும் மாறக்கூடும் என்பதால், எஞ்சின் இருக்குமிடத்தைக் காட்டும் நிறுவனத்தின் இணைய வரைபடத்தைப் பார்த்தபடி முன்கூட்டியே சென்றுவிட வேண்டும். தண்டவாளத்திலிருந்து 25 அடியாவது தள்ளி, வெயில் எஞ்சின்மேல் விழும் தெற்குப் பக்கமாக நிற்பது நல்லது. கோடை நண்பகலில் நீராவி கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாது. குளிர்ந்த காலைப்பொழுதே உகந்தது.