பிராகில் பணம் மாற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கடந்த ஜூனில் அம்மா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெர்லினிலிருந்து செக் குடியரசின் தலைநகர் பிராகுக்கு இரண்டு நாள் போய்வந்தேன். ரயிலை விட்டு இறங்கிய அரை மணி நேரத்துக்குள் அப்பாவின் பணத்தில் கிட்டத்தட்ட 60 யூரோ போய்விட்டது. யாரும் பாக்கெட்டில் கைவிடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ரசீது போட்டுக் கொடுத்துத்தான் எடுத்துக்கொண்டார். கோடை விடுமுறைக்குப் பெற்றோரை ஜெர்மனிக்குக் கூட்டிவரும் பலர் பிராகையும் பார்க்கத் திட்டமிடுவதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

செக் குடியரசு 2004-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டாலும் அங்கே நாணயம் யூரோ இல்லை, கொருனாதான். ஜெர்மனியிலிருந்து ரயிலில் போகிறவர்களுக்கு எல்லை தாண்டியதே தெரியாது, அதனால் பணம் மாற்ற வேண்டும் என்ற நினைப்பும் இறங்கிய பிறகுதான் வரும். எனக்கும் அப்படித்தான். கார்டு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் அப்பா ஊரிலிருந்து கிளம்பும்போதே பென்ஷனிலிருந்து 200 யூரோ வாங்கி வைத்திருந்தார். "பிராக் செலவு என்னோடது, நீ பையில கை வைக்கக் கூடாது" என்று ரயிலிலேயே சொல்லிவிட்டார்.

வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பணம் மாற்றும் கடை. 'கமிஷன் 0%' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. பலகையில் யூரோவுக்கு நேராக 24 சொச்சம் என்று பெரிய எண். அன்றைய சந்தை விலையும் ஏறக்குறைய அதுதான் என்பதால் நம்பிவிட்டேன். அந்தப் பெரிய எண், கடைக்காரர் நமக்கு யூரோ விற்கும் விலை. நம்மிடமிருந்து வாங்கும் விலை அதற்குக் கீழே, சின்ன எழுத்தில் 17 என்று இருந்திருக்கிறது. அப்பா இரண்டு 100 யூரோ தாள்களை நீட்டினார். நோட்டுகளும் ரசீதும் வந்தன. பின்னால் வரிசை நின்றதால் எண்ணாமல் வாங்கி வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம்.

அப்புறம் பழைய நகரச் சதுக்கம். 1410-இல் செய்த வானியல் கடிகாரம் அங்கேதான் இருக்கிறது. மணி அடிக்கும்போது எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்க, மேலே இரண்டு சிறு ஜன்னல்களில் இயேசுவின் சீடர்களின் உருவங்கள் வரிசையாக வந்து போகும். அம்மா அதற்காகவே முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார். பிறகு மன்னர் நான்காம் சார்லஸ் 1357-இல் கட்டத் தொடங்கிய கல்பாலம். அதில் நெபோமுக் யோவான் என்ற புனிதரின் சிலையின் அடியில் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பளபளத்துப் போன வெண்கலத் தகட்டை அம்மாவும் தொட்டு வேண்டிக்கொண்டார். நேரம் போனதே தெரியவில்லை.

பாலத்தைத் தாண்டி காபி குடிக்க உட்கார்ந்தபோதுதான் அப்பா பர்ஸைத் திறந்தார். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நோட்டுகளை மேஜையில் பரப்பி எண்ணினார். 3,400. ரசீதைத் திருப்பிப்போட்டு அதன் முதுகிலேயே பேனாவால் வகுத்தார். "என்னப்பா இது, கணக்கு உதைக்குதே. 4,900க்கு மேல வரணுமே." நான் பதில் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

விடுதிக்குப் போய் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ரசீதைக் காட்டினேன். அவர் தொகையைப் பார்க்கவில்லை. முதலில் ரசீதில் இருந்த நேரத்தைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ரசீதில் 11:52. அப்போது மணி நாலேகால். 2019 ஏப்ரலிலிருந்து அந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறதாம். பணம் மாற்றும் கடையில் 1,000 யூரோ வரைக்கும் மாற்றினால், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடும் வாங்கிய பணத்தோடும் திரும்பிப் போய் அந்த மாற்றத்தை ரத்து செய்யலாம். காரணம் சொல்லவே வேண்டாம், கடைக்காரர் மறுக்கவும் முடியாது. அந்த மூன்று மணி நேரமும் ரசீது எங்கள் பையில்தான் இருந்தது.

தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். கடையை விட்டு வெளியே வந்ததும் ஓர் ஓரமாக நின்று எண்ணுங்கள், வகுத்துப் பாருங்கள். கணக்கு இடித்தால் அந்தப் பணத்தில் ஒரு கொருனாகூடச் செலவழிக்காமல் உடனே திரும்பிப் போங்கள். கடைக்காரர் முரண்டு பிடித்தால் போலீஸைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். இந்தக் கடைகளை மேற்பார்வை செய்வது செக் தேசிய வங்கி, அங்கே புகாரும் அனுப்பலாம்.

இன்னொன்றும் நடக்கப் பார்த்தது. அன்று மாலை சதுக்கத்தில் ஒருவர் அருகே வந்து, கடையைவிட நல்ல விலை தருகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். அடிபட்ட கோபத்தில் நானே அரை மனதாக நின்றேன், அம்மாதான் கையைப் பிடித்து இழுத்தார். தெருவில் இப்படி மாற்றுபவர்கள் செல்லாத பழைய பெலாரஸ் ரூபிளைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்று விடுதிப் பெண் பிறகு சொன்னார். கொருனா நோட்டை அடையாளம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நூறில் நான்காம் சார்லஸ் இருப்பார். இருநூறில் இருப்பவர் கொமென்ஸ்கி, 17-ஆம் நூற்றாண்டிலேயே குழந்தைகளுக்குப் படம் போட்ட பாடநூல் செய்தவர். ஓர் ஆசிரியரை நோட்டில் அச்சடித்திருக்கிறார்களே என்று அப்பா அந்த இருநூறை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையில் இரண்டு நாள் பயணத்துக்குப் பெரிதாகப் பணம் மாற்றவே தேவையில்லை. பெரும்பாலான இடங்களில் கார்டு போதும். மெஷினில் யூரோவா கொருனாவா என்று கேட்டால் கொருனாவையே அழுத்துங்கள். யூரோவை அழுத்தினால் அவர்கள் வைத்த விலைக்குத்தான் மாற்றுவார்கள். ஏடிஎம்மிலும் இதே கதை, அதனால் வங்கியோடு ஒட்டியிருக்கும் ஏடிஎம்மாகப் பாருங்கள். சதுக்கத்துக் கடைகளில் சாப்பாட்டுக்குப் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்காக இருக்கலாம், தட்டில் அள்ளிப் போடும் முன் எடையைச் சொல்லிவிடுங்கள். மெட்ரோ, டிராம் காகித டிக்கெட் என்றால் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் செல்லாது, அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை என்னிடமிருந்த 50 யூரோவை எடுத்துக்கொண்டு அப்பாவோடு வேறொரு கடைக்குப் போனேன். தாளை உள்ளே நீட்டும் முன், மொத்தம் கையில் எவ்வளவு வரும் என்று கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொன்னேன். 1,200க்கு மேல் காட்டியது. அப்பா அந்த ஜன்னலிலேயே நின்று இரண்டு தடவை எண்ணினார். பின்னால் வரிசை காத்திருந்தது. இந்த முறை நாங்கள் நகரவில்லை.