நோய்த் தடுப்பு படிக்க: பி.எச்.ஐ.யா, டாக்டரா, பூச்சியியலா?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் உயிரியல் படித்த பிள்ளையுள்ள வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: மெடிசின் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் "வேறு ஏதாவது". நோய் வந்தவரைக் குணமாக்குவதை விட, வராமல் தடுப்பதில்தான் மனம் என்றால் இந்தக் கேள்வியில் தொடங்கவே வேண்டாம். மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைக்கு நோய்த் தடுப்பு வேலைக்குப் போக மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வகை ஆளைக் கேட்கிறது.

காத்தான்குடியில் ஒருவருக்கு டெங்கு என்று வைத்துக்கொள்வோம். உறுதியாகும்வரை காத்திராமல், சந்தேகம் வந்தவுடனேயே வைத்தியசாலையில் எச் 544 படிவம் நிரப்புவார்கள். அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வரும். பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411 எழுதுவார். வார இறுதியில் எல்லாம் எச் 399இல் திரண்டு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் நிற்க விருப்பம் என்பதைப் பிள்ளை முதலில் யோசிக்கட்டும்.

வீட்டுப்படி ஏற விருப்பமென்றால் பி.எச்.ஐ. பயிற்சிதான். இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. அந்த வழியில் வந்த தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம்தான் இன்றும் இந்தப் பயிற்சியின் தலைமையிடம். படிப்பு புத்தகத்தோடு முடியாது. பீலி, குளிர்சாதனப்பெட்டியின் பின்தட்டு, மூடாத தாங்கி என்று நுளம்பு பெருகும் இடங்களைத் தேடிப் பழக வேண்டும். ஏடிஸ் நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, சுவரைத் தேய்க்கவும் வேண்டும். இதை வீட்டு அம்மாவின் முகம் சுளிக்காதபடி சொல்வது தனித் திறமை. கேட்காதவருக்கு 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கடைக்காரருக்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். வழக்குப் போட வேண்டிய கடை மாமாவுடையதாகவும் இருக்கலாம். சின்ன ஊரில் இது பகிடியான விசயமில்லை.

மறுகா, அதாவது அடுத்தது, மாரி. பெரும்போகத்துக்கு வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கும் விவசாயிகளுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க டொக்ஸிசைக்ளின் கொடுக்க வேண்டும். வயல் சொந்தக்காரரான போடியாரிடம் பேசத் தெரியாதவர் இந்த வேலையில் திணறுவார். குறையும் உண்டு: பதவி உயர்வின் ஏணி குட்டை, ஆளையும் பணத்தையும் எங்கே போடுவது என்ற முடிவும் உங்கள் கையில் இருக்காது.

அந்த முடிவு எடுப்பவர் டாக்டர். கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் படிக்கலாம். ஐந்து வருடம், பிறகு உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். சமுதாய மருத்துவத்தில் மேலே படிக்கக் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்துக்குப் போக வேண்டும். தடுப்பில் மட்டும் ஆசையுள்ளவருக்கு, கட்டிலில் கிடக்கும் நோயாளியோடு கழியும் அந்த வருடங்கள் நீளமாகத்தான் தெரியும். ஆனால் இலக்கங்களை வாசிக்கும் கண் இங்கேதான் வரும். தொழுநோயைப் பாருங்கள். நம் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் அதற்கென்றே வைத்தியசாலை அமைத்த காலம் ஒன்று இருந்தது. கிருமி உடம்புக்குள் போய் அடையாளம் தெரியப் பல வருடங்கள் ஆகலாம். இன்று பதிவாகும் தேமல் என்றோ நடந்த தொற்றின் கதை. அப்படியானால் இந்த வருட எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் நோய் குறைந்ததா, தேடுவது குறைந்ததா? இன்னொன்று: அம்பாறை நிருவாகத்தில் ஒரு மாவட்டம், சுகாதாரத்தில் அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியம். இரண்டின் எண்ணிக்கைகளையும் கூட்டாமல் "அம்பாறையில் டெங்கு குறைவு" என்று முகநூலில் எழுதுகிறவர்கள் ஏராளம்.

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை பீடத்திலோ உயிரியலில் பட்டம் எடுத்துப் பூச்சியியலுக்குப் போவது. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற புதிய மலேரியா நுளம்பு பிடிபட்டது. நகரத்துக் கிணறுகளிலும் தாங்கிகளிலும் பெருகும் இனம் அது. வளவுக்கு வளவு கிணறுள்ள நம் கரையோரத்தில் குடம்பியை அள்ளி, இனம் பிரித்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று சோதிக்க ஆள் வேண்டும். அறிவியல் என்று பார்த்தால் மூன்றிலும் சுவையானது இதுதான் என்பேன். ஆனால் பதவிகள் மிகக் குறைவு. பட்டத்தோடு வீட்டில் காத்திருக்க நேரலாம்.

காசு கட்டிப் படிக்கும் "பொதுச் சுகாதார" டிப்ளோமாக்களுக்கு ஒரே கேள்வி: சுகாதார அமைச்சின் ஆட்சேர்ப்புத் திட்டம் அந்தச் சான்றிதழை ஏற்குமா? பதில் எழுத்தில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், சனத்தோடு பேசப் பிடித்த பிள்ளைக்குப் பி.எச்.ஐ.; மெடிசின் கிடைக்காததற்கு ஆறுதலாக அல்ல, முதல் தெரிவாகவே. கணக்கில் ஆசையும் பொறுமையும் உள்ளவர் டாக்டர் வழியில் போகட்டும். பி.எச்.ஐ. பயிற்சிக்கான அழைப்பு நினைத்த நேரத்தில் வராது, வயதெல்லையும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் ஒரு கண் பார்த்து வாருங்கள்.