கம்யூனிட்டி காலேஜ் ஓரியன்டேஷன்: ஆன்லைனா, நேரிலா, ஒரு செமஸ்டர் வகுப்பா?

கலிஃபோர்னியாவில் இருக்கும் 116 கம்யூனிட்டி காலேஜ்களில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகள்) எதற்கு விண்ணப்பித்தாலும், அடுத்து வரும் மின்னஞ்சல்களில் ஒன்று ஓரியன்டேஷனை, அதாவது புது மாணவர் அறிமுக நிகழ்ச்சியை, முடிக்கச் சொல்லும். வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடிக்கலாம். பல கல்லூரிகளில் நேரில் போயும் கலந்துகொள்ளலாம். இவை தவிர, முதல் செமஸ்டரில் கவுன்சிலிங் துறை நடத்தும் வகுப்பு ஒன்றும் இருக்கும். அதை ஒரு யூனிட்டாகவோ மூன்று யூனிட்டாகவோ (யூனிட் என்பது பாடத்தின் அளவு) எடுக்கலாம். மூன்றிலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து, சீக்கிரம் முடிவதைப் பிள்ளைகள் எடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விஷயம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அது எப்போது காதில் விழுகிறது என்பதில்தான் வித்தியாசமே.

ஆன்லைனின் பலம் நேரம். இரவு வேலை பார்ப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். இன்னொரு லாபமும் உண்டு. 2012ஆம் ஆண்டின் மாணவர் வெற்றிச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளின்படி, ஓரியன்டேஷன், ஆங்கில-கணித நிலை நிர்ணயம், எந்த செமஸ்டரில் எந்த வகுப்பு என்ற கல்வித் திட்டம் மூன்றையும் முடித்த புது மாணவருக்கு வகுப்புப் பதிவில் முன்னுரிமை கிடைக்கும். தாமதித்தால் நல்ல நேரத்து வகுப்புகள் நிரம்பிவிடும். அந்த வகையில் ஆன்லைன்தான் வேகமான வழி.

ஆனால் அதில் எல்லா அலுவலகமும் ஒரே அளவில்தான் தெரியும். உதவித்தொகை, டியூட்டரிங், மனநல ஆலோசனை, உணவுப் பொருள் உதவி, மாற்றுத்திறனாளி மாணவர் சேவை என்று ஸ்லைடு ஓடும், நடுநடுவே சில கேள்விகள் வரும். ஹைஸ்கூலில் ஐஇபி (சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குப் பள்ளி போடும் தனிக் கல்வித் திட்டம்) இருந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எல்லாவற்றையும் பள்ளியே தேடி வந்து செய்தது. கல்லூரியில் ஐஇபி தொடராது. அவளே மாற்றுத்திறனாளி மாணவர் சேவை அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்துகொண்டால்தான் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். அவள் வாழ்க்கையையே பாதிக்கிற இந்தச் செய்தி ஸ்லைடில் ஒரு வரியாக வந்து போய்விடும். கவனிக்காமல் விட்டால் முதல் தேர்வு முடிந்த பிறகுதான் தெரியவரும்.

நேரில் போனால் இந்த இடம் சரியாகும். கம்ப்யூட்டர் லேபில் உட்காரவைத்து, போர்ட்டலைத் திறக்கச் சொல்லி, கவுன்சிலர் ஒவ்வொருவர் பின்னாலும் வந்து நின்று பார்க்கிற கல்லூரிகள் இருக்கின்றன. கணிதம் எந்த வகுப்பிலிருந்து தொடங்குவது என்று பக்கத்து இருக்கைப் பையன் கேட்பான். நமக்குக் கேட்கத் தோன்றாத கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நம் வீட்டுப் பெற்றோருக்கு இதைவிட முக்கியமானது, சில கல்லூரிகள் தனியாக வைக்கிற பெற்றோர் அமர்வு. ஃபெர்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. "பதினேழு வயசுதானே, நான்தானே ஃபீஸ் கட்டுகிறேன்" என்று கவுன்டரில் எவ்வளவு மன்றாடினாலும், பிள்ளையின் ஒப்புதல் இல்லாமல் மதிப்பெண் விவரத்தை அவர்கள் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். இதை ஆகஸ்டிலேயே தெரிந்துகொண்ட வீட்டில் டிசம்பரில் சண்டை வராது.

நேரடி நிகழ்ச்சிக்கும் குறை உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். அன்று கேட்ட தேதிகளும் பெயர்களும் வகுப்பு தொடங்குவதற்குள் மறந்துபோகும்.

அதனால்தான் செமஸ்டர் வகுப்பை நான் மேலே வைக்கிறேன். சென்சஸ் தேதி என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வார வாக்கில் வரும். பொதுவாக அதற்கு முன் ஒரு வகுப்பிலிருந்து விலகினால் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பதிவேட்டில் எதுவும் விழாது. அதற்குப் பிறகு விலகினால், விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' விழும். உதவித்தொகை வாங்குபவருக்கு அந்த 'டபிள்யூ' சாதாரணமில்லை. எடுத்த யூனிட்களில் சுமார் 67 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் அளவுகோல். 12 யூனிட் எடுத்து, மூன்று யூனிட் வகுப்புகளில் இரண்டைக் கைவிட்டால் கையில் இருப்பது பாதிதான், உதவித்தொகைக்கே எச்சரிக்கை வரும். இதை ஜூலையில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. வேதியியல் வகுப்பை விடலாமா என்று தவித்துக்கொண்டிருக்கிற மூன்றாவது வாரத்தில் சொன்னால் உறைக்கும். டியூட்டரிங் மையத்துக்குப் போய் வந்து எழுது, எந்த வகுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் உன் மேஜருக்கு எந்த வகுப்புகள் செல்லும் என்று பார்த்து வா என்றெல்லாம் வீட்டுப்பாடம் தரும் ஆசிரியர்கள் உண்டு. மதிப்பெண்ணுக்காகவாவது அந்தக் கதவைத் தட்டிய பிள்ளை, தேவைப்படும்போது தயங்காமல் மறுபடி போகும்.

நியூயார்க்கில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்காக 2007இல் தொடங்கிய அசாப் என்ற உதவித் திட்டத்தை இங்கே சொல்ல வேண்டும். அதில் சேர்ந்தவர்களில் 40 சதவீதம் பேர் மூன்று ஆண்டில் பட்டம் பெற்றார்கள். சேராத ஒப்பீட்டுக் குழுவில் 22 சதவீதம்தான். அடிக்கடி ஆலோசகரைச் சந்திப்பது, செமினார் வகுப்பு இவற்றோடு கட்டண உதவி, பாடப்புத்தகம், பயண அட்டையும் அதில் உண்டு. ஆகவே முழுப் பெருமையையும் வகுப்புக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் தொடர்ந்து ஒருவர் கூடவே இருந்து கவனிப்பதன் பலன் அதில் தெளிவாகத் தெரிகிறது.

செலவு? மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், தகுதி இருந்தால் அதுவும் தள்ளுபடி. வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு யூனிட் கட்டணம் பல மடங்கு. அவர்கள் ஒரு யூனிட் வகுப்போடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்று, இந்த வகுப்பை எடுத்தாலும் பதிவு முன்னுரிமைக்கான ஓரியன்டேஷனைத் தனியாக முடிக்கச் சொல்லும் கல்லூரிகள் உண்டு.

ஆகவே ஆன்லைனை ஏப்ரல், மே மாதத்திலேயே முடித்து முன்னுரிமையை வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே செமஸ்டர் வகுப்பையும் போடுங்கள். வீட்டில் அமெரிக்கக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்றால் நேரடி நிகழ்ச்சிக்கும் அரை நாள் ஒதுக்குங்கள், பெற்றோரும் கூடப் போங்கள். முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ், இயற்பியல், வேதியியல் என்று அடுக்கியிருக்கும் பிள்ளைக்கு மட்டும் மூன்று யூனிட் வகுப்பு பாரமாகலாம். அங்கே ஒரு யூனிட் போதும். பதிவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்: நடத்துபவர் அதே கல்லூரியில் மாணவர்களைச் சந்திக்கிற கவுன்சிலரா, முழுக் கல்வித் திட்டம் தயாரிப்பது அந்த வகுப்பில் ஒரு அசைன்மென்ட்டாக இருக்கிறதா.