ஒரு ஷாட், ஒரு ஃபோல்டர்: குன்னூரிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

சின்னப் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் குன்னூரில் வீட்டிலிருந்தே காம்ப் (பல படக் காட்சிகளை ஒன்றாகச் சேர்க்கும் காம்போசிட்டிங்) வேலை செய்கிறேன். சில வருஷமாக எல்லா வேலைக்கும் ஒரே ஃபோல்டர் அமைப்புதான். மாற்றத் தோன்றவே இல்லை.

சீனுக்குள் ஷாட்; ஷாட்டுக்குள் பிளேட் (கேமராவில் எடுத்த மூலக் காட்சி), வேலை, ரெண்டர் (காம்ப் முடிந்து வெளிவரும் ஃப்ரேம்கள்), அனுப்பியது என்று நாலே ஃபோல்டர். ஷாட் எண் பத்துப் பத்தாக ஏறும்: 0010, 0020, 0030. எடிட்டில் நடுவே புது ஷாட் வந்தால் 0025 என்று உட்கார்ந்துகொள்ளும், மற்றதைத் தொட வேண்டாம். வெர்ஷன் எப்போதும் மூன்று இலக்கம், வி001 என்று. ஃப்ரேம் எண் 1001-இல் தொடங்கும். எடிட்டர் ஷாட்டின் தொடக்கத்தில் 8 ஃப்ரேம் கூடக் கேட்டால் 993-க்குப் போகும், மைனஸுக்கு இறங்காது.

‘ஃபைனல்’ என்ற சொல்லை எந்த ஃபைல் பெயரிலும் விடுவதில்லை. எது ஓகே என்ற முடிவு மாறிக்கொண்டே இருக்கும். அதற்காகப் பெயரை மாற்றினால் காம்ப் மென்பொருளான நியூக்கில், ஃபைலைப் படிக்கும் ரீட் நோடு எரர் காட்டும். ஓகே ஆனதும் ஆகாததும் ஷாட் ஃபோல்டரில் இருக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில்தான், வெர்ஷனுக்கு ஒரு வரியாக. தொட்டபெட்டாவில் எடுத்த ஒரு ஷாட்டில் இப்படி இருக்கிறது:

வி004 – பனி குறைச்சது, பின்னாடி மலை பாதி தெரியுது.
வி005 – பழைய பனியே போதும்னு சொன்னாங்க. கலர் ஓகே.
வி006 – வி003 பனி, வி005 கலர்.

இந்த மலையில் ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் நடுவில் பனி வந்து மூடிவிடும். அதனால் வரும் திருத்தத்தில் பாதி பனியைப் பற்றித்தான். ‘மலை கொஞ்சம் தெரிஞ்சுதே, அது’ என்றுதான் போனில் கேட்பார்கள், வெர்ஷன் எண் யாருக்கும் நினைவிருக்காது. அந்த ஒரு வரிதான் கைகொடுக்கிறது. இந்த அமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்.

அப்புறம் இடம். 4கே-யில் 16 பிட் ஈஎக்ஸ்ஆர் (ஃப்ரேம்களைச் சேமிக்கும் பட ஃபைல் வகை), அமுக்காமல் வைத்தால் ஃப்ரேமுக்குச் சுமார் 53 எம்பி. 5 விநாடி ஷாட் 120 ஃப்ரேம், அதாவது 6 ஜிபிக்கு மேல். செய்த காம்ப் வேலையைக் குறித்துவைக்கும் நியூக் ஸ்கிரிப்ட்டோ வெறும் டெக்ஸ்ட், இடமே பிடிக்காது. அதனால் ஸ்கிரிப்ட் எல்லா வெர்ஷனும் இருக்கும். ரெண்டரில் ஓகே ஆனதையும் அதற்கு முந்தையதையும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுவேன். வேண்டுமென்றால் திரும்ப ரெண்டர் போட்டுக்கொள்ளலாம். பிளேட் மாறாமல் இருந்தால்தான் இது நடக்கும் என்பதால் அந்த ஃபோல்டர் ரீட் ஒன்லி.

மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் ஹார்ட் டிஸ்க் கோவைக்குப் போய்ச் சேர நேரமாகும். அங்கேயும் இதே ஃபோல்டர், இதே பிளேட் இருப்பதால் ஸ்கிரிப்டை மட்டும் மெயிலில் அனுப்பினால் போதும். ஸ்கிரிப்டில் ஃபைல் பாதைகள் ரிலேட்டிவாக (டிரைவ் பெயர் இல்லாமல்) இருப்பதால் அப்படியே திறந்து அங்கேயே ரெண்டர் போடுகிறார்கள். கரண்ட் போனாலும் ஃப்ரேம் ஃப்ரேமாக எழுதியது பத்திரமாக இருக்கும். கடைசி ஃப்ரேமை மறுபடி ரெண்டர் போட்டு, அதே வெர்ஷனில் தொடரலாம்.

குறை என்றால் ஃபைல் பாதையின் நீளம். விண்டோஸில் 260 எழுத்து வரம்பில் சில மென்பொருள்கள் இன்னும் முட்டிக்கொள்கின்றன, அதனால் படத்தின் பெயரை மூன்றெழுத்தாகச் சுருக்குகிறேன். நாலைந்து பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு அந்த டெக்ஸ்ட் ஃபைல் தாங்காது. அங்கே எந்த ஷாட் எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லோரும் பார்க்க, கிட்சு மாதிரி ஒரு டிராக்கர் மென்பொருள் வேண்டும், அது ஓப்பன் சோர்ஸ்தான். ஃபோல்டர்கள் இப்படியே இருக்கலாம்.