வால்தர் பி38: ஆறு வருஷம் சுட்டுப் பாத்ததுல தெரிஞ்சது

லைசென்ஸ்ல இருக்கற என்னோட வால்தர் பி38-ஐ ஆறு வருஷமா ரேஞ்சுல சுட்டுட்டு இருக்கேன். லூகர் பி08-க்கு பதிலா ஜெர்மன் ராணுவம் 1938-ல எடுத்துக்கிட்ட பிஸ்டல் மாடல், 9 மி.மீ., மேகசின்ல 8 ரவுண்டு (தோட்டா). என்னோடதுல 'பிஒய்எஃப் 44'னு குத்தியிருக்கு, அதாவது 1944-ல மவுசர் செஞ்சது.

வாங்க நினைக்கறவங்க மொதல்ல சேஃப்டி லீவரைப் பாருங்க. அதைக் கீழ தள்ளினா தூக்கி நிக்கற ஹேமர் (பின்னால இருக்கற சுத்தி) படக்குனு இறங்கும், ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தற ஊசி) லாக் ஆகி இருக்கறதால வெடிக்காது. இது டிசைன். 80 வருஷம் தேஞ்ச பார்ட் அதே மாதிரி பிடிச்சு நிக்குமா? வாங்கின வாரமே மேகசினைக் கழட்டிட்டு, சேம்பரை (பேரல்ல தோட்டா உக்கார்ற இடம்) கண்ணால பாத்து சுண்டுவிரலாலயும் தடவிப் பாத்துட்டு, துப்பாக்கி வாயை மேல தூக்கிப் பிடிச்சு ஒரு பென்சிலை ரப்பர் பக்கம் கீழ போற மாதிரி பேரல்ல போட்டு லீவரைத் தட்டினேன். பென்சில் ஒரு சாண் எம்பிச்சு. அசையவே கூடாது அது! உள்ள ரவுண்டு இருந்திருந்தா கதையே வேற. கன்ஸ்மித் சேஃப்டியை மாத்திக் குடுத்தாரு, இப்ப பென்சில் சும்மா கிடக்கு, ஆனாலும் லோடு ஆன துப்பாக்கில அந்த லீவரை நான் தொடறதே இல்ல. தோட்டா ஏத்தினா டார்கெட் பக்கமே பிடிச்சு சுட்டுக் காலி பண்ணிட்டுதான் கீழ வைப்பேன்.

ஹேமருக்கு மேல ஒரு குட்டி பின் நீட்டிட்டு இருந்தா சேம்பர்ல ரவுண்டு இருக்குனு அர்த்தம். நல்ல ஐடியாதான், ஆனா பின் நீட்டலனு நம்பிட்டு சேம்பரைப் பாக்காம விட்டுடாதீங்க.

இன்னொரு விஷயம், இது சுட்ட தோட்டாவோட காலி கேஸை இடது பக்கம் துப்பும். எனக்கு அது தெரியாம முதல் நாளே பக்கத்து லேன்காரர் காலருக்குள்ள ஒண்ணு சூடா விழுந்து அவர் ஆடின ஆட்டம் இருக்கே... இப்பல்லாம் இடது ஓரக் கடைசி லேன்தான் கேட்டு வாங்கறேன்.

தோட்டால நான் கஞ்சத்தனம் பாக்க மாட்டேன். புது ஃபேக்டரி லோடு, குண்டு எடை 115 இல்லனா 124 கிரெய்ன், பிளஸ் பி (அழுத்தம் அதிகமான தோட்டா) பக்கமே போறதில்ல, பேரலைப் பூட்டி வைக்கற லாக்கிங் பிளாக் விரிசல் விடும். பழைய ராணுவ சர்ப்ளஸ் தோட்டால ப்ரைமர் (தோட்டா அடில பத்தவைக்கற மருந்து) விடற உப்பு பேரல்ல தங்கி துருப்பிடிக்கும், வெறும் எண்ணெய் போட்டா போகாது, தண்ணி விட்டுக் கழுவி நல்லா காய வெச்ச பிறகுதான் எண்ணெய். சத்தம் 'புஸ்'னு கம்மியா கேட்டா அடுத்தது சுடாதீங்க, குண்டு பேரல்லயே சிக்கியிருக்கலாம், காலி பண்ணி உள்ள வெளிச்சம் தெரியுதானு பாருங்க.

குறை? முதல் ஷாட்டை டபுள் ஆக்ஷன்ல (டிரிகரை இழுக்கறதே ஹேமரையும் தூக்கற முறை) இழுத்தா டிரிகர் கல்லு மாதிரி, குறி கீழ போயிடும். மேகசின் ரிலீஸ் பிடியோட அடில இருக்கறதால ரெண்டு கையும் வேணும். ரெண்டாவது வருஷம் ஸ்லைடு (சுடும்போது பின்னால போய் வர்ற மேல்பாகம்) மேல இருக்கற சின்ன மூடி சுடும்போதே, குறி பாக்கற பின்பக்க சைட்டோட பறந்துடுச்சு, கண்ணாடி போட்டிருந்ததால நெத்தில கீறலோட போச்சு. அதைப் பிடிச்சு வைக்கறது ஸ்பிரிங் அழுத்தம் மட்டும்தான், அது தளந்தா அவ்ளோதான். உடனே ரெண்டு ரிகாயில் ஸ்பிரிங்கோட எல்லா ஸ்பிரிங்கையும் மாத்தினேன், மூடியும் புதுசு போட்டாச்சு. பழசை ரேஞ்சுத் தரைல முட்டி போட்டுத் தேடினேன், சைட் கிடைச்சது, மூடி இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல.